ராசிபுரத்தில் சர் ஹியூவின் பெரியம்மா

காலை ஏழு மணிக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை முடியும் இடத்தில், சர் ஹியூவுக்காகக் காத்திருந்தேன். ஏற்காட்டில் தங்கியிருந்த அவர் ஸ்காட்லாந்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். தம் குடும்ப வரலாற்றை எழுத வந்திருந்தார். சேலத்தில் பள்ளி ஆசிரியனான நான் அன்றைக்கு அவருடைய மொழிபெயர்ப்பாளன். ராசிபுரம் போய்வர வாடகைக் கார் ஆறு ரூபாய். ஓட்டியவர் சின்னச்சாமி.

சேலத்தைத் தாண்டியதும் இடப்புறம் ஜருகுமலை கூடவே வந்தது. மழை பொய்த்த வருஷம். சோளக்கொல்லைகள் வெறிச்சென்று கிடந்தன. சர் ஹியூ வெளியே பார்க்கவே இல்லை. குடும்பப் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னோர் ஒருவர் அரசனுக்குக் குதிரைப்படை திரட்டிக் கொடுத்ததற்குக் கிடைத்ததாம் அந்த ‘சர்’ பட்டம். தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்கு. அவனுக்கு வாரிசு இல்லையென்றால் தம்பிக்கு. இவருடைய பெரியப்பா, மூத்தவரான ராபர்ட், காப்பித் தோட்டம் போட இங்கே வந்து, காய்ச்சலில் இறந்து, சேலத்தில் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அதனால் பட்டம் தம்பிக்குப் போய், தம்பி மகனான இவரிடம் வந்திருக்கிறது.

“ராசிபுரத்தில் யாரைப் பார்க்கப் போகிறோம்?” என்று கேட்டேன்.

“பெரியப்பாவின் வேலைக்காரி ஒருத்தி உயிரோடு இருக்கிறாளாம். அவருடைய கடைசி நாட்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.”

மல்லூரில் காப்பி குடித்துவிட்டு, பதினேழு மைல் கடந்து ஒன்பது மணிக்கு ராசிபுரம் சேர்ந்தோம். நெய் மண்டிகளுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. வாசலில் நெய் வியாபாரி யாக்கோபு நின்றார். கறுத்த முகத்தில் சாம்பல் நிறக் கண்கள். சர் ஹியூவுக்கும் அதே கண்கள். படியேறப் போன சர் ஹியூ ஒரு கணம் நின்றுவிட்டார்.

“வாங்க சாமி, உள்ள வாங்க. அம்மா காத்துட்டு இருக்குதுங்க.”

ஞானம்மாள் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். “எங்கூட்டுக்காரரு தம்பி மகனுங்களா? அப்ப எனக்கும் மகன்தானுங்க” என்று சர் ஹியூவின் கன்னத்தைத் தொடக் கை நீட்டினார். சர் ஹியூ விலகி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மலைக் கோயிலில் பாதிரியார் முன் கலியாணம் நடந்ததை ஞானம்மாள் சொன்னார். பார்த்தவர் எவரும் இப்போது உயிரோடில்லை. “யாக்கோபு வயித்துல இருந்தானுங்க. காய்ச்சலோட அவரத் தூக்கிட்டுப் போன டோலிக்குப் பின்னாலயே மலையெறங்குனேன். வழியெல்லாம் தண்ணி கேட்டாருங்க.”

பிறகு, தாம் செத்தால் கணவர் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்றார். இப்போதுள்ள சேலத்துப் பாதிரியாரிடம் கேட்டதற்கு, கணவர் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

“முடியாது. சம்மதித்தால் அவளை மனைவி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பட்டம் அவள் மகனுக்குப் போய்விடும்” என்றார் சர் ஹியூ.

அதை நான் தமிழில் சொன்னதும் யாக்கோபு முன்னால் வந்தார். “நெய் விக்கறவனுக்குப் பட்டம் எதுக்குங்க? வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றனுங்க.”

“வேண்டாமென்று விடக்கூடியதல்ல இது, ரத்தத்தோடு வருவது. அவள் மனைவி என்றால் இந்தக் கணமே இவன் சர் யாக்கோபு. நான் வெறும் மிஸ்டர்.”

அதையும் சொன்னேன். ஞானம்மாள் என்னைத்தான் பார்த்தார். “பட்டத்தை யாருங்க சாமி கேட்டா? நான் மண்ணத்தானுங்க கேட்டேன்.”

சர் ஹியூ மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார். யாக்கோபு தாயைத் தோளோடு அணைத்துக் கட்டிலுக்குக் கூட்டிப் போனார். எங்களை வழியனுப்ப வரவில்லை.

“ஏனுங்க, அந்தம்மா அழுவுதே?” என்று சின்னச்சாமி கேட்டார். சொன்னேன். அவர் கார்க் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ராபர்ட்டின் கல்லைச் செப்பனிட வரச் சொல்லியிருந்த கொத்தனார் அங்கே நின்றார். கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் இடம் காலியாக இருந்தது. அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு சர் ஹியூ என்னிடம், “இந்த இடத்தையும் சேர்த்துக் கல் பாவிவிடச் சொல்லுங்கள்” என்றார்.

“அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்” என்று வெளியே நடந்தேன்.

வாயிலில் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து கைத்தடியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

எங்கள் ஊர்ச் சுடுகாட்டிலும் இன்னாருக்கு இன்ன இடம் என்று கோடு உண்டு. அதை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைப் போட்டவரைப் பார்த்துவிட்டேன்.