ஐஸுக்குச் சம்பளம்

எனக்கு மன்னிக்கிற குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானால் மனம் இளகும் என்கிறார்கள். எனக்குப் பல்தான் ஆடுகிறது, மனம் அப்படியே இருக்கிறது.

கண்டியில் ஓர் ஐஸ் ஆலை இருந்தது. பாளங்களை மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றி, ரயிலிலும் மாட்டுவண்டியிலும் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்புகளுக்கு அனுப்புவார்கள். ஒருநாள் முதலாளி ஒரு படப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். கனடா தேசத்தில் பனிக்கட்டிமேல் ஹொக்கி ஆடுகிறார்களாம். ஊருக்கு ஓர் அணியாம், ஆடுகிறவனுக்குச் சம்பளமும் உண்டாம். நாங்கள் சிரித்தோம். கொஞ்ச நேரம் பாளத்தைத் தோளில் வைத்தாலே தோல் எரியும், அதன்மேல் ஓட எவனுக்குப் பைத்தியம்? முதலாளி சிரிக்கவில்லை. மலைநாட்டு ஹொக்கிக் கிண்ணத்தின்மேல் அவருக்கு ஒரு கண். அன்று தொடக்கம், புல்தரையில் ஹொக்கி ஆடத் தெரிந்தவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தார். ஊரார் எங்களுக்கு 'ஐஸ் ஹொக்கி' என்று பட்டம் வைத்தார்கள்.

நான் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்தவன். துரைமார் உடைத்துப்போட்ட மட்டைகளில் கம்பி சுற்றி ஆடிப் பழகியவன். என் கூட்டாளியும் அதே தோட்டம், அடுத்த லயம். அந்தப் பத்திரிகை வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஒன்றாக ஆலையில் சேர்ந்தோம். ஒரே அறை, ஒரே பாய், ஒரே சவர்க்காரம். அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன். எனக்கு 'எஸ் சேர்' மட்டும் தெரியும்.

அந்த வருஷத்து ஹொக்கிப் பருவத்தில் ஆலையில் ஸ்டோர் பார்க்கிற வேலை காலியானது. நிழலில் ஒரு கதிரை, ஒரு மேசை. பாளம் சுமக்க வேண்டியதில்லை. அதிக கோல் அடிக்கிறவனுக்கே அந்தக் கதிரை என்று முதலாளி அறிவித்துவிட்டார். பாதிப் பருவம் முடிந்தபோது நான்தான் முன்னால் நின்றேன், எனக்கு அடுத்தபடி கூட்டாளி.

அப்போதுதான் ஓர் எதிரணி புகார் கொடுத்தது. நாங்கள் காசுக்கு ஆடுகிறோமாம். காசுக்கு ஆடுகிறவனுக்குப் போட்டியில் இடமில்லை என்பது விதி. விசாரணைக்கு என்னையும் எங்கள் கோல் காவலரையும் அழைத்தார்கள். மொழிபெயர்க்கக் கூட்டாளி வந்தான். கிளப்பின் விறாந்தையில் மூன்று துரைமார் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஏதோ கேட்டார்.

"ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்களான்னு கேக்குறாரு," என்றான் கூட்டாளி.

"ஆமா. ஐஸ் தூக்குறதுக்குச் சம்பளம்னு சொல்லு மச்சான்."

அவன் சொன்னான். துரையின் முகம் சிவந்தது, தாளில் என்னவோ எழுதினார். அந்தப் பருவம் முடியும்வரை எனக்குத் தடை.

படியிறங்கும்போது கோல் காவலர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்குறணைக்காரர், முஸ்லிம், அண்ணன் முறையில் 'நானா' என்று நாங்கள் கூப்பிடுகிறவர், இங்கிலீஷ் விளங்கும். "தம்பி, நீங்க ஐஸுக்குச் சம்பளம் என்டு சென்னீங்க. ஒங்கட கூட்டாளி ஹொக்கிக்குச் சம்பளம் என்டு சென்னார். மத்தவங்களுக்கு ஒண்டுமில்லையாம், ஒங்களுக்கு மட்டுந்தானாம்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே நானா?"

"எனக்கும் வேல வேணுமே," என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

ஆட முடியாதவனை வைத்து நான் என்ன செய்ய என்று முதலாளி கையை விரித்தார். கதிரை கூட்டாளிக்குப் போனது. அறைக்குப் போய் அவனிடம் கேட்டேன். "வாய் தவறிருச்சு மச்சான்," என்றான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். பாய் என்னுடையது.

கம்பளையில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினேன். வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துக் கிளாக்கர் ஒருவரிடம் போய் இங்கிலீஷ் படித்தேன். அறிவு வளரட்டும் என்று படிக்கவில்லை. வயிறு எரிந்து படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் அவன் முகத்தை நினைத்துக்கொண்டே மனப்பாடம் செய்தேன்.

அடுத்த பருவத்தில் கம்பளைக் கடைக்காரர்களின் அணியில் சேர்ந்தேன். ஆடினால் தேத்தண்ணியும் பனிஸ் ரொட்டியும் கிடைக்கும், அவ்வளவுதான். இறுதி ஆட்டம் கண்டியில், போகம்பறை மைதானத்தில், ஐஸ் ஆலை அணியோடு. கூட்டாளிதான் அவர்களுக்குத் தலைவன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியப்போகிற நேரத்தில் நான் பந்தோடு கோலுக்கு முன்னால் நின்றேன். காவல் நிற்க ஓடிவந்த கூட்டாளி, வேறு வழியில்லாமல் பின்னாலிருந்து என் மட்டையைக் கொளுவி இழுத்தான். மத்தியஸ்தர் விசில் ஊதினார்.

அந்தக் காலத்து விதிப்படி இதற்குத் தண்டனை 'புல்லி'. கோலுக்கு ஐந்து யார் முன்னால் பந்தை வைப்பார்கள். தப்புச் செய்தவனும் எதிரணியில் ஒருவனும் மட்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். தரையில் ஒரு தட்டு, எதிராளியின் மட்டையில் ஒரு தட்டு, இப்படி மூன்று தரம் தட்டியபிறகு பந்து யாருக்கென்று பார்க்கலாம். மற்ற எல்லோரும் தூரப் போய்விட வேண்டும், கோல் காவலர்கூட. அக்குறணைக்காரர் என்னைக் கடந்து போகும்போது மெல்லத் தலையசைத்தார்.

குனிந்தோம். முதல் தட்டு.

"மச்சான், தோத்தா மொதலாளி என்னையத் தொரத்திருவாரு," என்றான் மெதுவாக. இரண்டாவது தட்டு. "வீட்ல மாசமா இருக்காடா."

காதில் விழாததுபோல் இருந்தேன். நன்றாக விழுந்தது, இனிக்கவும் செய்தது. மூன்றாவது தட்டு முடிந்ததும் அவன் பந்தைத் தன் வலப்பக்கம் இழுப்பான். ஒரு வருஷம் அவனோடு பயிற்சி செய்தவனுக்கு அது தெரியாதா? என் மட்டை அங்கே முந்திக்கொண்டது. பந்து அவன் கால்களுக்கிடையில் புகுந்து கோலுக்குள் போனது.

மறுநாளே அவன் சீட்டுக் கிழிந்தது. முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். மானஸ்தன் யாராவது என்றால் வேண்டாம் என்றிருப்பான். நான் அடுத்த ரயிலில் வந்து அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டாளி ஆலைக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஒரு தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதுகிற வேலை காலியாம், முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்கிறார்களாம். நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று முதலாளி என்னிடம் தள்ளிவிட்டார். இங்கிலீஷில் இரண்டே வரி எழுதினேன். இவர் இங்கே இரண்டு வருஷம் இருந்தார். இவருக்குச் சம்பளம் ஹொக்கிக்கு.

அவன் நின்றபடியே வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"இதக் கொண்டுபோனா எந்தத் தொர மச்சான் வேல குடுப்பாரு?"

"கை தவறிருச்சு மச்சான்," என்றேன்.

கடிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.