அம்மா நம்பிய ஈயம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டாகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்களுக்காக இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ஒரு தண்ணீர்க் குழாய்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பிறந்தது பழவேற்காடு ஏரியோரக் குப்பத்தில். தாத்தா வலை வீசிப் பிழைத்தவர். சென்னைக்கு ரயிலேறிக் குமாஸ்தா வேலைக்குப் போய்வந்த அப்பாவை மணந்து அம்மா மீஞ்சூருக்கு வந்தார். அறுபதுகளில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து அடுப்படிக்கு வந்த இரும்புக் குழாய் துருப்பிடித்து, தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கொட்டியது. தம்பி அப்போது கைக்குழந்தை. அவன் துணியெல்லாம் பழுப்பேறிவிட்டது.

மறுபடி இரும்பு போட அம்மா சம்மதிக்கவில்லை. புதிதாகக் கடைக்கு வந்திருந்த பிளாஸ்டிக் குழாயை மோந்து பார்த்துவிட்டு, “வாட அடிக்குதுங்க, வாணாம்” என்றார். கடைசியில் அப்பா பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தார்.

“பழைய பங்களா இடிச்ச எடத்துல கெடைச்சுது. ஈயப் பைப்பு. வெள்ளைக்காரன் காலத்துல இதான் போட்டுக்கினு இருந்தானாம்.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“இதான் சரிங்க. எங்க நைனா வலையில கட்ற ஈயக்குண்டு உப்புத் தண்ணியிலயே கெடக்குது, துரு புடிக்குதா? பித்தள குண்டானுக்கு ஈயம் பூசித்தானே சோறாக்கறோம்? ஒடம்புக்கு இன்னா பண்ணப்போவுது?”

அப்பாவும் தலையாட்டினார். குழாய் மாறியதும் தண்ணீர் தெளிந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு அம்மாவைப் புகழ்ந்தார்கள்.

பசும்பாலில் அந்தத் தண்ணீரைக் கலந்துதான் தம்பிக்குக் கொடுத்தோம். வெகு சீக்கிரம் பிள்ளை வெளிறிப்போனான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான். மந்திரித்தோம், கசாயம் கொடுத்தோம். ஒருநாள் வலிப்பு வந்தது. சென்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா அவன் பல் ஈறில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டுல ஈயம் ஏதாவது புழங்கறீங்களா?”

“பாத்திரத்துக்குப் பூசுவோம்மா.”

“அது வெள்ளீயம், ஒண்ணும் செய்யாது. நான் கேக்கறது காரீயம். விஷம் அது.”

“அது இன்னாதும்மா?”

“மீன் வலையில குண்டு கட்டுவாங்களே, அதுதான்.”

“எங்க வூட்டு தண்ணி பைப்பே அதுதாம்மா” என்றார் அம்மா.

குழாயைப் பிடுங்கி எறிந்தோம். அம்மா வேண்டாமென்ற பிளாஸ்டிக்கே வந்தது. தம்பி பிழைத்தான். ஆனால் பேச்சு தாமதமாக வந்தது, படிப்பு ஏறவே இல்லை. திருவள்ளூரில் ஒரு கல்யாணப் பந்தியில், “குப்பத்துக்காரிக்கு பைப்பப் பத்தி இன்னா தெரியும்?” என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். பேசியவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும். படித்த அப்பாவுக்குத் தெரியவில்லை, விற்றவர் சொல்லவில்லை, பொருத்தியவரும் வாய் திறக்கவில்லை. பழி மட்டும் அம்மா தலையில் விழுந்தது. வலையிலும் ஈயம், குண்டானிலும் ஈயம். ஊரே ஒரே பெயரில் அழைத்ததை அவர் ஒன்றென்று நம்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அதன் பிறகு அம்மா நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பிளாஸ்டிக் குழாயானாலும், விஷம் ஊறியிருக்குமோ என்று ராத்திரி முழுதும் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் குடம் வைப்பார். விருந்துக்குப் போன வீட்டிலும், “மொத தண்ணிய உட்டுடும்மா” என்பார். சிரித்தவர்கள் உண்டு.

அன்று பிள்ளையைக் காத்துக் கொடுத்த டாக்டரம்மாவுக்கும், பிளாஸ்டிக் குழாய் வரும்வரை தன் வீட்டு உப்பேறாத கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், கடைசி நாள்களில் உடனிருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாளில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் தண்ணீர் கொண்டுவரத் தம்பியை அனுப்பினோம். அவன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தான். “சீக்கிரம் எடுத்தாடா” என்று பெரியவர்கள் கத்தினார்கள்.

“இருங்க. மொத தண்ணி அம்மாவுக்கு வாணாம்” என்றான்.

முதல் தண்ணீர் ஓடி முடியும்வரை அம்மா அவனுக்காகக் காத்திருந்தார். அவன் கையால் வாங்கி விழுங்கிய பிறகுதான் கண் மூடினார்.