லெட்டூஸுக்கு ஐஸ்

காசிமேடு மீன் துறைமுகத்துக்கு மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஐஸ் ஏற்றிப் போகிறவன் நான். போகிற வழியில் ஒரு குடோன் வாட்ச்மேன் தினமும் கை நிறைய ஐஸ் கேட்பார். ஒல்லியான ஆள், தலையில் ஈரத்துண்டு. பழைய தெர்மாகோல் மீன் பெட்டியில் லெட்டூஸ் வளர்த்தார். பர்கரில் வைப்பார்களே, அந்த இலை. குடையைச் செடிக்குக் கட்டிவிட்டு அவர் வெயிலில் நிற்பார்.

வேர் சூடானால் இலை கசந்துவிடுமாம். இரண்டு பெட்டி அப்படிப் போய்விட்டது. மீதி இது ஒன்றுதான். உப்பு பட்டாலும் செடி கெடும் என்று எந்த ஐஸையும் நக்கிப் பார்த்துத்தான் மண்ணில் வைப்பார்.

ஒருநாள் மீன் ஏற்றித் திரும்பும்போதுதான் அங்கே நின்றேன்; புது ஐஸ் தீர்ந்துவிட்டது. மீனோடு கிடந்த ஐஸை அள்ளிக் கொடுத்தேன். நாக்கில் வைத்ததும் துப்பினார்.

"உப்பு கரிக்குது நைனா. செடிய கருவாடாக்கப் பாக்குறியா?"

"ஒரு நாளைக்கு இன்னா ஆயிடும்?"

"அந்த ரெண்டு பொட்டியும் ஒரே நாள்லதான் போச்சு."

வண்டியைத் திருப்பிப் போய் நல்ல ஐஸ் எடுத்து வந்தேன்.

கத்திரி வெயில் முடிந்த அன்று ஓர் இலையைப் பறித்து மென்றார். எனக்கும் ஒன்று கொடுத்தார். தண்ணீரைக் கடித்த மாதிரி இருந்தது.

"ருசியே இல்லியே, இதுக்கா இம்மாம் பாடு?"

"கசக்கல இல்ல?" என்றார்.

இன்னொரு இலையைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை.