வலன்ரைன் கொண்டுவந்த வேல்ஸ் பந்து

வலன்ரைன் வேல்ஸில் இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. பேச்சைக் கேட்டால் அந்த நாட்டுக்கே ஞானஸ்நானம் கொடுத்தவன் போலிருக்கும். அங்கே கடலோர ஊரொன்றில் மதுக்கடைச் சமையலறையில் கோப்பை கழுவினான். பிறகு பாரிஸுக்கு வந்து, மார்க்ஸ் டோர்மோயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். ஆளுக்கு ஒரே ஆசை: பாரிஸிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டுச் செயலாளராக வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் தன் பெயர் அச்சில் வருமென்றால் எந்தக் கூத்தும் ஆடுவான்.

நாட்டில் எங்கள் ஊரில் இரண்டு கோயில்கள்: அந்தோனியார் கோயில், சவேரியார் கோயில். இரண்டு பகுதிக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. பாரிஸின் லா ஷப்பலில் எல்லாருக்கும் ஒரே தேவாலயம், ஒரே தமிழ்ப் பூசை. ஆனால் இடப்பக்க வாங்கில் அந்தோனியார்காரர், வலப்பக்கத்தில் சவேரியார்காரரான நாங்கள். பூசையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும்போதுகூட நடுப்பாதையைத் தாண்டி ஒரு கையும் நீளாது.

எண்பத்தேழு கோடையில் செயலாளர் தெரிவு வந்தது. அதற்கு முன் ஒரு புது ஆட்டம் நடத்திக் காட்டுவதாக வலன்ரைன் கிளம்பினான். ஆட்டத்தின் பெயர் க்னாப்பன்.

“வேல்ஸில பழங்காலத்து ஆட்டம் அண்ணை. ரெண்டு கோயில் பங்குச் சனம் மோதுறது. ஆள் கணக்கில்லை, எல்லைக் கோடில்லை, நடுவரும் இல்லை. மரப்பந்தைக் கொழுப்பில அவிச்சு வழுக்கப் பண்ணுவினம். பந்தைத் தங்கட கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவைக்கு வெற்றி.”

“சட்டை கிழியுமோ?” என்று கேட்டார் சங்கத் தலைவர் பத்திநாதர். அவர் எங்கள் பகுதி.

“அதுக்குத்தான் அந்தக் காலத்தில உடுப்பைக் கழட்டிப்போட்டு விளையாடினவை.”

இரண்டு பங்கு மோதுவது என்றதும் சங்கத்தில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. பழைய சாமான் சந்தையில் வாங்கிய மரப்பந்தை வலன்ரைன் தான் வேலைசெய்த கடை அண்டாவில் ஆட்டுக்கொழுப்போடு அவித்தான். அந்த வாரம் அந்தக் கடைக் குழம்பை நான் தொடவில்லை.

லா கூர்னெவ் பூங்காவில் ஒரு மரத்தில் அந்தோனியார் படம், தூரத்து மரத்தில் சவேரியார் படம். சட்டை கிழியக்கூடாதென்று முன்பே கழற்றி வைத்திருந்தோம். அவைதான் கோயில்கள் என்று சொல்லிவிட்டுப் பந்தை மேலே எறிந்தான். காணித் தகராறு, முறிந்துபோன சம்பந்தம், திருநாளில் புனிதரின் சுருவச் சிலை தூக்குவது யார் என்ற சண்டை, எல்லாம் அந்தப் பந்தின்மேல் போய் விழுந்தன. வலன்ரைன் விசில் ஊதினான். நடுவரில்லாத ஆட்டத்துக்கு விசில் எதற்கோ!

பந்து அந்தோனியார் பகுதி நீக்கிலாஸிடம் சிக்கியது. நாங்கள் அவனுடைய மரத்தைச் சுற்றி மதில்போல நின்றுவிட்டோம். நீக்கிலாஸ் கொஞ்சம் யோசித்தான். எல்லைதான் இல்லையே, கோயில் என்றால் உண்மையான கோயில்தானே! பந்தைப் பெனியனுக்குள் செருகிக்கொண்டு பூங்காவை விட்டே ஓடி, ரயிலேறிவிட்டான். இரண்டு பகுதியும் அதே ரயிலில் பாய்ந்தோம். வெறும் மேலும் கொழுப்பு நாற்றமுமாய் நின்ற எங்களைப் பார்த்து ஒரு பிரெஞ்சுக் கிழவி தன் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் புரியாணிச் சட்டிகளோடு பூங்காவிலேயே விடப்பட்டார்கள்.

கார் து நோர் நிலையத்தில் இறங்கி மறுபடி ஓட்டம். லா ஷப்பல் தேவாலயத்துக்குள் முதலில் புகுந்த நீக்கிலாஸ் பந்தைப் பீடத்தடியில் வைத்து, “வெண்டிட்டம்!” என்று கத்தினான்.

“என்னடா வெண்டது? எங்கட கோயிலும் இதுதானே. பந்து எங்கட கோயிலுக்கு வந்திருக்கு. நாங்கள்தான் வெண்டது!” என்றார் பின்னால் வந்த பத்திநாதர்.

சத்தம் கேட்டு வந்த பங்குத்தந்தை ழான்-லூக், பீடத்தடியில் அரைநிர்வாணமாய் மூச்சிரைத்த கூட்டத்தைப் பார்த்து, “இன்றைக்கு என்ன திருநாள்?” என்று கேட்டார். எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நடுவர் வேண்டாம் என்றவனிடமே தீர்ப்புக் கேட்டோம். யாருக்கு வெற்றி என்றாலும் வலன்ரைனுக்கு மற்றப் பாதி வாக்குப் போய்விடும்.

“வேல்ஸில இப்பிடிப் பிரச்சினை வராது. அங்கை அவையவைக்கு ஒரு கோயில் இருக்கு” என்றான்.

அந்தச் சொல் இரண்டு பகுதிக்கும் பிடித்துப்போனது. அடுத்த மாதமே அந்தோனியார்காரர் ஒபர்வில்லியேயில் வேறு தேவாலயம் பார்த்துப் போனார்கள். சங்கமும் இரண்டானது. இரண்டிலும் விளையாட்டுச் செயலாளர் உண்டு. இரண்டிலும் வலன்ரைன் இல்லை. எனக்கு அவன்மேல் ஆத்திரம். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

பிறகொருநாள் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னான்: “அண்ணை, ஒரு விதியைச் சொல்ல மறந்திட்டன். ஆட்டம் முடிஞ்சால், மண்டை உடைஞ்சவனும் உடைச்சவனும் சிரிச்சுக்கொண்டு ஒண்டாய் வீட்டை போகவேணும். மனசில ஒண்டும் வைச்சிருக்கக் கூடாது.”

“நல்லகாலம் மறந்தாய்” என்றேன். “அதை முதலே சொல்லியிருந்தால் ஒருத்தனும் விளையாட வந்திருக்கமாட்டான்.”