நாலு விரல் சன்னல்

இந்த ஊரில் நெருப்புக்குக் காசு போட வேண்டும். சுவரோரத்து மீட்டர்ப் பெட்டியில் ஒரு ஷில்லிங்கைப் போட்டுத் திருகினால்தான் எலெக்ட்ரிக் கணப்பின் இரண்டு கம்பிகளும் சிவக்கும். காசு தீர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கறுத்துவிடும். யுத்தம் முடிந்த மறுவருஷம் லண்டனுக்கு வந்தோம். அந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் பெட்டி தின்ற ஷில்லிங்குகளுக்கு அளவில்லை. காரணம் நான்தான். கணப்பைப் போட்டதும் சன்னலை நாலு விரல் திறந்து வைப்பேன்.

கீழ்வீட்டுக்காரி மிஸஸ் பெர்ரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தெருவுக்கும் சேர்த்தா குளிர் காய்கிறீர்கள் என்று கேட்டாள். காற்று வேண்டும் என்றேன். வீடு நாறுகிறது என்று நான் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டாள் போலும். மறுநாள் மாடிப்படி முழுவதையும் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். உண்மையை அவளிடம் எப்படிச் சொல்வது?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மார்கழி மாசத்தில், விழுப்புரத்தில் என் மனைவி தனத்தின் தாய்வீட்டில் எங்கள் முதல் பிள்ளை பிறந்தான். பிள்ளை பெற்ற அறையில் குளிர்காற்று புகக் கூடாது என்று சன்னலைச் சாக்கால் அடைத்து, உள்ளே சட்டியில் கரி நெருப்பு வைத்தார்கள். திண்டிவனத்திலிருந்து பார்க்கப் போயிருந்த நானும்தான் சாக்கு எடுத்துக் கொடுத்தேன். விடிந்து கதவைத் தள்ளியபோது தனத்தை மட்டும்தான் எழுப்ப முடிந்தது.

மின்சாரக் கம்பியில் கரி இல்லை, மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் அந்த நஞ்சும் வராது. படித்த எனக்கு இது தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. இதற்குள் ஆறு வயது மகள் வசந்தாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. அறை சூடாகவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை, சில்லறை மாற்றக் கடை எதுவும் திறந்திருக்காது. கையிலிருந்த ஒரே ஷில்லிங்கைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் சன்னலைத் தூக்கினேன்.

"இன்னாங்க, மறுபடியும் தெறக்கிறீங்களா? கொழந்த நடுங்கிக்கினு கெடக்குது."

"ரெண்டு விரலு போதும், தனம்."

"மூடுங்க."

நான் அசையவில்லை. அவளே வந்து சன்னலை இறக்கினாள். பழைய புடவை ஒன்றைக் கிழித்து, கரண்டிக் காம்பால் இடுக்குகளில் திணித்தாள். மிச்சத்தைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாள்.

"அதுல கரியா எரியுது? வெறும் கம்பி. அந்த ரூமு எப்பிடி இருந்திச்சுன்னு எனக்குத் தெரியாதா? உள்ள கெடந்தவ நான்." பிறகு குரல் தணிந்தது. "ஒரு கம்பிய அணைங்க. மூணு பேரும் ஒண்ணா குந்திக்கினா ஒண்ணே போதும்."

"அப்பா, நீ தள்ளிக் குந்து. நெருப்பு உனக்கு மட்டுமா?" என்றாள் வசந்தா.

புதிதாக வருகிறவர்களுக்குச் செலவு குறைக்க இதைவிட நல்ல வழி சொல்ல எனக்குத் தெரியாது. அடைத்த இடுக்குகள், ஒரே அறை, ஒரே கம்பி, ஒரே கம்பளி. அந்த ஒரு ஷில்லிங் விளக்கு வைத்த பிறகும் வெகுநேரம் வந்தது. வசந்தாவுக்கு இழுப்பு தணிந்து கண் அயர்ந்தது.

இது எங்களுக்கு இரண்டாம் குளிர்காலம். சன்னல் மூடியே இருக்கிறது. மாலையில் கம்பளிக்குள் என் ஒரு கை வசந்தாவின் நெஞ்சோடு ஏறி இறங்கும். மற்றக் கை வெளியே நீண்டு சன்னல் பிடியில் இருக்கும். தனம் அதைப் பார்ப்பாள். என் நாற்காலியை அவளே, கை எட்டுகிற தூரத்துக்குச் சன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறாள்.