பிக்கப்புக்குப் படி வைத்த தெய்வம்மா

தெய்வம்மாவுக்கு யாரும் ஒருநாள்கூட அரைப்பேர் போட்டதில்லை. தோட்டத்துக் கணக்கில் அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினாலு வயதில் கூடை மாட்டியவள். இருபது வயதில் கப்பலேறி வந்து, குன்னூருக்கு மேலே ஓர் எஸ்டேட்டின் லைன் வீட்டு வரிசையில் குடியேறி, அங்கேயும் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளினாள். காய்ச்சலோடு போயிருக்கிறாள். மூத்த மகளைப் பெறுவதற்கு முந்தின நாள் வரை போயிருக்கிறாள். எந்நாளும் முழுப்பேர்தான். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, பெரிய சொத்து என்று வேறு என்ன இருந்தது அவளுக்கு?

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் சாதாரண விழுகையா? வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். ஃபேக்டரியில் புகை நின்றது. கிள்ள ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்தன. லைனில் இருந்த பெண்கள் கேரட் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார்கள். ரமேஷ்குமார் என்கிற கோயமுத்தூர்ப் பையன் காலை ஆறரைக்கெல்லாம் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்துவான். பதினெட்டுப் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கேத்தியில் நஞ்சப்பன் தோட்டத்தில் இறக்குவான்.

கேரட் பிடுங்குவது தெய்வம்மாவுக்கு ஒரு வேலையே இல்லை. அவளுக்குப் பிரச்சினை வண்டியில் ஏறுவது. பின்டயரில் ஒரு காலை வைத்து, இரும்புக் கம்பியைப் பிடித்து எம்ப வேண்டும். முப்பது வருஷம் சரிவில் நின்ற இடது முட்டி மடங்கவே மாட்டேன் என்றது. அதனால் அவளைத்தான் முதலில் ஏற்றுவார்கள். மேலிருந்து இருவர் இழுக்க, கீழிருந்து மூவர் தள்ள, உரமூட்டை ஏறுகிற மாதிரி அவள் ஏறுவாள். அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். கடைசியாக ஏறுகிறவள் வனிதா, கூட்டத்தில் இளையவள். அவள் வண்டிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் ரமேஷ்குமார் வண்டியை எடுப்பான்.

ஆடி மாதச் சாரலில் ஒருநாள் டயர் வழுக்கி, தள்ளிய மூவரோடு தெய்வம்மா சேற்றில் விழுந்தாள். ரமேஷ்குமார் ஓடிவந்து தூக்கிவிட்டான். தூக்கிவிட்டவன் சும்மா இருந்திருக்கலாம்.

“ஏனுங்க அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்குளுக்கு இனி ஆகாதுங்க. நாளையிலிருந்து ஊட்லயே இருந்துக்குங்க” என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் அன்பாகச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றும் முழுநாள் கேரட் பிடுங்கினாள். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் அவன் முன்னால் போய் நின்றாள்.

“கேரட்டுப் புடுங்க ஏலாட்டிச் சொல்லு தம்பி, நின்னுக்கிறேன். ஏறப் படி இல்லாதது ஒன் வண்டியோட கொறை. என்னோட கொறை இல்ல.”

ரமேஷ்குமார் கெட்டவன் இல்லை. அதோடு சைடு ஸ்டெப் என்கிற பக்கவாட்டுப் படி மேல் அவனுக்கே ஓர் ஆசை உண்டு. கோயமுத்தூரில் பெரிய கார்களுக்குப் பக்கவாட்டில் பளபளவென்று உருண்டைக் குழாய் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன். இதுதான் சாக்கு என்று ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளை மாதிரி வண்டியை நிறுத்தினான். குழாய் இரண்டும் டிரைவர் கதவுக்குக் கீழே ஒன்று, எதிர்க் கதவுக்குக் கீழே ஒன்று. பெண்கள் ஏறுகிற பின்பக்கத்தில் பழைய டயர்தான்.

“ரெண்டு பேர் ஏறுற எடத்துக்குப் படி, பதினெட்டுப் பேர் ஏறுற எடத்துக்கு டயரா?” என்று கேட்டாள் தெய்வம்மா.

அதெல்லாம் பின்னால் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே அவன் பெருமையாகக் குழாயில் கால் வைத்தான். பனி பட்ட குழாய் யாரை மதிக்கும்? பதினெட்டுப் பெண்கள் பார்த்திருக்க, தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். வனிதா சிரித்த சிரிப்பு கீழ் லைன் வரை கேட்டது.

மறுநாளே தெய்வம்மாவையும் கூட்டிக்கொண்டு குன்னூரில் எல்லப்பன் பட்டறைக்குப் போனான். எல்லப்பன் வெல்டர், அதிகம் பேசாத ஆள். இருந்த படிகளையெல்லாம் எடுத்துப் போட்டார். தெய்வம்மா ஒவ்வொன்றிலும் தண்ணீரை ஊற்றி, செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் லாரிக்குப் போடுகிற, மேலே புடைப்புப் புடைப்பாக இருக்கும் இரும்புத் தகட்டில் அவள் கால் நின்றது. ரமேஷ்குமாருக்கு முகம் விழுந்துவிட்டது. பாடியில் மாட்டினால் இந்த ஈரத்துக்கு ஒரே வருஷத்தில் துருப்பிடித்து விழும், அடிச்சட்டமான சேஸிஸில்தான் போல்ட் போட வேண்டும் என்றார் எல்லப்பன். உயரம் எவ்வளவு என்று கேட்டதற்குத் தெய்வம்மா தன் முட்டிக்குக் கீழே ஒரு சாண் இறக்கிக் காட்டினாள். அப்படியே மாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை காலை அவள்தான் வழக்கம்போல முதலில் ஏறினாள். ஒரே ஒரு கைதான் தாங்க வேண்டியிருந்தது. மற்ற பதினேழு பேரும் ஏறினார்கள். வண்டி லைன் வாசலில் இருக்கிற சாக்கடைத் திட்டைத் தாண்டியபோது கர்ரென்று ஒரு சத்தம். தகடு மடங்கித் தொங்கியது. ரமேஷ்குமார் இறங்கி வந்தான். அதைக் கழற்றிப் பின்னால் போட்டான்.

“போதுங்க அக்கா. திங்கக்கெழமைக்கு வேற ஆளு பாத்துக்கறனுங்க” என்றான்.

கேத்தி வரைக்கும் அந்தத் தகடு தெய்வம்மாவின் காலடியில் கிடந்து ஆடியது. உயரம் காட்டியவளே அவள்தான், யாரைக் குறை சொல்ல முடியும்? தோட்டத்துச் சுவரை ஒட்டி வண்டி நின்றது. ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். கடைசியில் இறக்கிவிடப்பட வேண்டியவள் என்பதால் அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி குதித்தாள், சேறு படிந்த வண்டிப் பலகை சுவரில் உரசிக் கொஞ்சம் ஏறியது. இன்னொருத்தி குதித்தாள், இன்னும் கொஞ்சம். பதினேழு பேரும் இறங்கியபோது சுவரின் பாசியில் நாலு விரல் உயரத்துக்குச் சேற்றுக் கோடு இழுத்திருந்தது.

அடப்பாவிகளா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஆள் ஏற ஏற வண்டி அமுங்குகிறது. முதலில் ஏறிக் கடைசியில் இறங்குகிறவள் அவள்தான். முட்டி மடங்காதவளை, வண்டி எப்போது உயரமாக நிற்குமோ அப்போதே பார்த்து ஏற்றி இறக்கியிருக்கிறார்கள், இத்தனை நாளும்! படியையும் வண்டி காலியாக நின்றபோதுதான் அளந்தார்கள். அதுதான் பாரம் ஏறியதும் திட்டில் இடித்தது.

ரமேஷ்குமாரிடம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினேழு பெண்களும் வண்டி நிறைய வந்து பட்டறையில் நின்றதைப் பார்த்து, கல்யாணத்துக்கா போறீங்க என்று எல்லப்பனே கேட்டுவிட்டார். யாரையும் இறங்க விடவில்லை தெய்வம்மா. முன் சீட்டிலிருந்து அவள் மட்டும் இறங்கினாள். கையில் மட்டக்கம்பு. கொழுந்து கிள்ளும்போது செடி மட்டம் ஏறாமல் இறங்காமல் இருக்க மேலே போட்டுப் பார்க்கிற கம்பு அது. வேலை நின்றதிலிருந்து அவள் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. சாக்கடைத் திட்டின் உயரத்துக்கு அதில் ஒரு வெட்டு, அதற்கு மேலே தன் கால் எட்டுகிற உயரத்துக்கு இன்னொரு வெட்டு. கம்பை வண்டியோரம் நட்டு, மேல் வெட்டுக்கு நேராக, தட்டி நிமிர்த்திய தகட்டை வைக்கச் சொன்னாள். எல்லப்பன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் குறி போட்டார். மேலே பதினேழு பேரும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்கக்கூடக் கூடாது என்று உத்தரவு.

கடைசி போல்ட்டும் இறுகியது. தெய்வம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். வனிதா மேலிருந்து கையை நீட்டினாள்.

“கைய எடு” என்றாள் தெய்வம்மா.

நல்ல காலைத் தகட்டில் வைத்தாள். கம்பியைப் பிடித்தாள். இடது கால் தானாகப் பின்னால் வந்தது. அடுத்த மூச்சில் வண்டிக்குள் நின்றாள். ஒரு விரல்கூட அவள் மேல் படவில்லை. பதினேழு பேரும் போட்ட சத்தத்தில் அடியிலிருந்த எல்லப்பன் எதுவோ உடைந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த மாதத்துக்குள் இன்னும் நாலு பிக்கப்புகள் அந்தப் பட்டறைக்கு வந்தன. ஆளுகளைக் கூட்டிக்கொண்டு வராமல் வந்த டிரைவரை எல்லப்பன் திருப்பி அனுப்பினார். ரமேஷ்குமாரோ அந்தத் தகட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, யோசனையே தன்னுடையது என்பதுபோல் பேசிக்கொண்டு திரிந்தான். பேசட்டும் என்று விட்டுவிட்டாள் தெய்வம்மா.

அதெல்லாம் பிறகு. படி மாட்டிய மறுநாள், அந்தத் திங்கட்கிழமைக் காலையில் ஒரே பனிமூட்டம். பதினேழு பேரும் ஏறி முடியும் வரை தெய்வம்மா கீழே நின்றாள். வண்டி அவளுக்காக நாலு விரல் இறங்கிக் காத்திருந்தது. ஏறினாள். போலாங்களா என்று முன்னாலிருந்து ரமேஷ்குமார் கேட்டான். வனிதா பழக்கதோஷத்தில் பலகையைத் தட்டக் கையை ஓங்கி, பிறகு தெய்வம்மாவைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக ஏறியவள் தெய்வம்மா. அவள்தான் இரண்டு தட்டுத் தட்டினாள். ரமேஷ்குமார் வண்டியை எடுத்தான்.