அக்காள் ஆக்கிய சைவச் சோறு

இராமேசுவரம் கடலில் மூன்றாவது முறை முங்கி எழுந்தபோது, கரையில் என் அக்காள் ஒயர்கூடையிலிருந்து துண்டை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். அவளை நான் அழைத்திருக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, தங்கச்சிமடத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தாள். எனக்குப் பெண் கொடுக்க இசைந்த கடலாடி ஊர் இந்துக் குடும்பம், திருமணத்துக்கு முன் நான் முறைப்படி மதம் மாற வேண்டும் என்று கேட்டிருந்தது. புரோகிதரையும் அவர்களே அமர்த்தியிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படி முங்குவது என்று அவர் எனக்குச் செய்து காட்டியதை அக்காள் பார்த்திருக்கிறாள். நான் கரையேறியதும், "சங்கு குளிச்ச ஆளு மகனுக்கு முங்கச் சொல்லித் தாராக பாரு," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

என்னைவிட வெகுவாக மூத்தவள்; என் ஞானத்தாயும் அவளே. கைக்குழந்தையான என்னை ஏந்திக்கொண்டு, ஞானஸ்நானத்தின்போது சாமியார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எனக்காக ‘விசுவசிக்கிறேன்’ என்று சொன்னவள். "அன்னைக்கி ஒனக்காக நான் பதில் சொன்னேன். இன்னைக்கி நீயே சொல்லுற. கேட்டுட்டுப் போகலாமுன்னு வந்தேன்," என்றவள், என் தலையைத் துவட்டியபடியே கேட்டாள்: "நம்பித்தான் போறியா தம்பி, இல்ல பொண்ணுக்காகப் போறியா?"

நான் அப்போது கல்லூரி ஆசிரியன். பெண்ணுக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அது எனக்கு இழிவாகப்பட்டது. வகுப்பில் பேசுவதைப் போலத் தேடல் பற்றியும் மெய்யறிவு பற்றியும் நெடுநேரம் பேசி, நம்பித்தான் போகிறேன் என்று முடித்தேன். விட்டு வந்ததிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. போய்ச் சேர்ந்ததிலும் இருக்கவில்லை. அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "நம்பிப் போனாச் சரி," என்றாள்.

அந்தச் சொல்லை அவள் கடைசிவரை காப்பாற்றினாள். வெள்ளிக்கிழமையிலோ அமாவாசையிலோ நான் போய் நின்றால், கொதிக்கும் மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, எனக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த சட்டியில் கத்திரிக்காய்ச் சாம்பார் வைப்பாள். என் வீட்டில் அந்த நாட்களிலும் மீன் வாங்குவோம் என்பது அவளுக்குத் தெரியாது. "என்ன மாப்ள, கடக்கரையில பொறந்துட்டுக் கத்திரிக்காய்க்கு வாக்கப்பட்டீராக்கும்," என்பார் அவள் கணவர். "அவன் நம்பிப் போனவன். அதுல வெளையாடாதீக," என்று அக்காள் அவரை அடக்குவாள். சீலா மீனின் வாசம் வீடெங்கும் நிறைந்திருக்க, நான் குனிந்து சாம்பார்ச் சோற்றைத் தின்பேன். என் மனைவி இறந்தபின், மதம் மாறியதற்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று. அப்போதும் சொல்ல இயலவில்லை. அத்தனை காலம் தனிச்சட்டியில் ஆக்கிப் போட்டவளிடம், அவ்வளவும் வீண் என்று எந்த வாயால் சொல்வது?

சென்ற மாதம் அக்காள் இறந்தாள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைச் சுற்றி எல்லோரும் முழங்காலிட்டுச் செபித்தார்கள். பின் ஒவ்வொருவராகப் புனித நீர் தெளிக்க எழுந்தபோது, உடன்பிறந்தவன் என்ற உரிமையில் நானும் முன்னே சென்றேன். அவளுடைய மூத்த மகன் மெல்ல என் கையைப் பிடித்தான். "வேணாம் மாமா. மாமாவுக்கு ஆகாததச் செய்யச் சொல்லக் கூடாதுன்னு அம்மா எங்ககிட்டச் சத்தியம் வாங்கிருக்காக. அங்கன நெழல்ல சேர் போட்டுருக்கு."

அவன் குரலில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. மரியாதை மட்டுமே இருந்தது. சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம் என் நாவில் நின்றது. அதைச் சொல்வதென்றால், அவள் பிள்ளைகள் முன்னிலையில், பெட்டிக்குள் கிடப்பவளை ஏமாந்தவளாக்கியே சொல்ல வேண்டும். போய் உட்கார்ந்தேன். எனக்கு இருபுறமும், அவளை அதிகம் அறியாத வெளியூர்க்காரர்கள். சாமியார் மீண்டும் தொடங்கிய செபங்கள் அனைத்தும் எனக்கு இன்றும் மனப்பாடம். உதடுகள் அசைந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.